கடைசி வரிக்கு ஒரு மூச்சு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வயதுதான் ஆகியிருக்கிறது, புத்தி இடத்தில்தான் இருக்கிறது. போன மாதம் காது டாக்டர் இரண்டு காதிலும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "பாட்டி, உங்க காது என் காதைவிட நல்லா கேக்குது" என்றார். அந்தக் காதால் கேட்டதைத்தான் எழுதுகிறேன். போனில் தமிழ் அடிக்கப் பேத்தி சொல்லிக்கொடுத்தாள். எழுத்து தப்பாக இருந்தால் அவளைத் திட்டுங்கள். நடந்தது தப்பாக இருக்க வழியில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தவள் நான்.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இது நடந்தது பட்டப்பகலில். கீழே டயர் கடையில் லாரிக்குச் சக்கரம் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஆனால் நான் இருந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கப் பஞ்சு. கதவைச் சாத்திவிட்டால் உங்கள் வயிறு உறுமுவது உங்களுக்கே இடி மாதிரி கேட்கும். அங்கே பகல் ஏது, ராத்திரி ஏது?

அது என் மகனுடைய ஸ்டுடியோ. கம்ப்யூட்டரில் இசை போடுவது அவன் தொழில். சினிமா இல்லை. விளம்பரத்துக்கு, செல்போனுக்கு, லிஃப்ட்டுக்கு. லிஃப்ட்டுக்கெல்லாம் எதற்கு இசை என்று கேட்டால் முறைப்பான்.

என் தங்கையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். ஆள் சின்னது, வாய் காரம். அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் கடுகு. கல்யாணம் கட்டவில்லை, என்னோடுதான் இருந்தாள். கோரஸ் பாடியே காலம் போனது. பாட்டுக்கு நடுவில், பின்னாலிருந்து 'ஆ…' என்று ஒரு அலை எழும்பி அடங்குமே, அதில் ஒரு துளி அவள். அவள் குரல் நுழையாத வீடு இல்லை. அவள் பேர் தெரிந்த வீடும் இல்லை. "எனக்குன்னு ஒரு பாட்டு வரும்க்கா, பாரேன்" என்று சொல்லிக்கொண்டே ரெக்கார்டிங் கூடத்து வராந்தாக்களில் உட்கார்ந்து தலை நரைத்தாள். முன்னால் நின்று பாடியவர்களுக்குக் கைதட்டல் போனது. இவளுக்கு இருமல் வந்தது.

இருமல் நுரையீரல்வரை போய்விட்டது. இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவதுக்கு மூச்சு இருக்காது. அப்போதுதான் கேட்டாள், வாழ்க்கையில் முதல் தடவையாக. அதுவும் என் மகனிடம்.

"டேய் பெரிய மனுஷா. ஒரே ஒரு பாட்டு. முழுசா. என் குரல்ல. எடுத்துக் குடுப்பியா?"

என்ன பாட்டு என்றால், நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கட்டின பாட்டு. மழையில் நனைந்துவிட்டு, அம்மா திட்டுவாளோ என்று பயந்துகொண்டே வாசலில் நின்று இரண்டு பேரும் பாடுவோம். கடைசி வரி இதுதான்: 'கதவைத் திற அம்மா, காலெல்லாம் ஈரம்.' அந்த 'அம்மா'வில் குரல் உச்சிக்கு ஏறும். எனக்கு அங்கே கிழிந்துவிடும். கடுகுக்குக் கம்பி மாதிரி நிற்கும். அம்மாவும் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிடுவாள். அம்மா போனபிறகு இந்த வார்த்தைகள் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். என் மகனுக்கு மெட்டு மட்டும் சொல்லிக்கொடுத்தாள். வார்த்தை கேட்டதற்கு, "உனக்கு எதுக்கு? நீ கீபோர்டு கட்டையை அமுக்கு" என்றுவிட்டாள்.

முழுப் பாட்டு பாட மூச்சு ஏது? அதற்கு அவன் ஒரு வழி செய்தான். செய்தது நல்ல காரியம்தான், மறைக்கமாட்டேன். சாம்ப்ளர் என்று கம்ப்யூட்டரில் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு 'ஆ…' என்று, அவளால் முடிந்தபோதெல்லாம் தனித்தனியாகப் பதிந்து, கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒன்றாக மாட்டிவிட்டான். கட்டையை அமுக்கினால் கடுகு பாடுவாள்.

பாடினாள், ஆனால் பொம்மை பாடுவது மாதிரி இருந்தது. கடுகு முகத்தைச் சுளித்தாள். "இதுல நான் எங்கேடா இருக்கேன்?"

அதற்கும் அவனிடம் ஒரு வித்தை இருந்தது. மாடுலேஷன் என்றான். ஒன்று அசைந்தால் இன்னொன்று தானே அசைவது. பக்கத்தில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை உண்டு, பாடுகிறவர்கள் நிற்பதற்கு. அந்த அறை மைக்கை ஸ்பீக்கர் பக்கம் விடாமல், சாம்ப்ளருக்குள் திருப்பிவிட்டான். மைக்கில் படுகிற மூச்சு வெளியே கேட்காது. ஆனால் மூச்சு பலமாக வந்தால் 'ஆ…' பலமாக எழும். மூச்சு தேய்ந்தால் 'ஆ…'வும் தேயும். மூச்சே இல்லை என்றால், எந்தக் கட்டையை அமுக்கினாலும் சத்தமே வராது. வாய்க்காலில் மடை மாதிரி. மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவள் மூச்சு.

விரல் இவனுடையது, மூச்சு அவளுடையது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் வெறும் மூச்சு விடுவாள். இந்தப்பக்கம் முழுக் குரலில் பாட்டு வரும். பார்க்கப் பார்க்க எனக்குக் கண் நிறைந்துவிடும்.

ஒரு கட்டை மட்டும் காலி. உச்சிச் சுரம். அதைப் பதிகிறபோது அவளுக்கு எட்டவில்லை.

"கீழ்ச் சுரத்தை இழுத்து மேல வெச்சிடலாம் சித்தி."

"வெச்சா எலி கத்துற மாதிரி இருக்கும். வேண்டாம். மூச்சு வர்ற அன்னிக்கு நானே பாடுறேன். அதுவரைக்கும் அந்தக் கட்டை காலியா இருக்கட்டும்."

பாட்டு முழுக்க முடிந்தது. கடைசி வரி மட்டும் நின்றது.

அந்த நல்ல நாளும் வந்தது. காலையில் எழுந்தவள் முகத்தில் ரத்தம் ஓடியது. நல்ல புடவை கட்டினாள். செருப்பு மாட்டினாள். அவனுக்குப் போன் போட்டாள். "டேய், இன்னிக்கு மூச்சு நல்லா இருக்குடா. வரட்டுமா?"

"சித்தி, ஒரு நிமிஷம், லைன்லயே இருங்க" என்றான்.

இருந்தாள். வாசல் பக்கத்து நாற்காலியில், போனைக் காதில் வைத்துக்கொண்டு. "வைடி, அவனே கூப்பிடுவான்" என்றேன். "லைன்ல இருக்கச் சொல்லியிருக்கான்க்கா" என்றாள். போன் சூடாகி, சார்ஜ் தீர்ந்து, தானாக அணைந்தது. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்தாள்.

சாயங்காலம் அவன் கூப்பிட்டான். ஏதோ அவசர வேலையாம். "நாளைக்குப் பாத்துக்கலாம் சித்தி."

நாளைக்கு மூச்சு இல்லை. அந்த வாரமே கடுகும் இல்லை.

இனி நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

அவள் போய் இரண்டு மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் அவன் ஸ்டுடியோவுக்குப் போனேன். முடிந்தவரைக்கும் உள்ள பாட்டை என் போனில் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஆசை.

"அது இல்லம்மா. அழிச்சிட்டேன்."

"எதை?"

"பாட்டை. அதான் முடியலையே. முடியாததை வெச்சு என்ன பண்றது? இடத்தை அடைக்குது."

கையில் எடுத்த போனைத் திரும்பப் பைக்குள் போட்டேன். அவனுக்கு அது தெரியவில்லை. உற்சாகமாக நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"ஆனா குரலை அழிக்கலம்மா. சாம்ப்ளர் அப்படியே இருக்கு. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போட்டிருக்கேன். நீதான் சொல்லணும், சித்தி மாதிரியே இருக்கா இல்லையான்னு."

"என்னது அது?"

"போன்ல காத்திருக்கிறவங்களுக்குப் போடுற ட்யூன்."

என்ன சொல்வது? ஆயுள் முழுக்கக் காத்திருந்தவளை, காத்திருக்கிறவர்களுக்குத் தாலாட்டுப் பாட வைத்திருக்கிறான் என் வயிற்றில் பிறந்தவன். கை தட்டவா?

மூச்சு வேலையை எடுத்துவிட்டானாம். அதற்குப் பதில் தானாக ஏறி இறங்குகிற ஓர் அலையை மாட்டியிருக்கிறானாம். யாரும் மூச்சுவிட வேண்டியதில்லை. மெட்டை முன்பே கம்ப்யூட்டருக்குள் போட்டுவிட்டதால் யாரும் கட்டையை அமுக்கவும் வேண்டாம்.

"ஆள் செலவே இல்லம்மா" என்று சிரித்தான்.

பட்டனைத் தட்டினான். கடுகு பாட ஆரம்பித்தாள். 'ஆ…' என்று. இனிமையாகத்தான் இருந்தது. ஐஸில் வைத்த பூ மாதிரி.

இரண்டாவது சுற்று வந்தபோது ஏதோ இடித்தது. அலை ஒரே சீராக ஏறி இறங்க வேண்டும் இல்லையா? இறங்கவில்லை. ஒரு இடத்தில் தயங்கியது. அப்புறம் அவசரமாக எழுந்தது. அப்புறம் மெல்லத் தேய்ந்தது.

மகனும் கவனித்துவிட்டான். சுட்டியை உருட்டி எதையோ திறந்து பார்த்தான். "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்று முனகினான்.

"அந்தப் பச்சை என்னடா?"

திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு. மேலே ஏறியது. கீழே இறங்கியது.

அவன் திரைக்குக் கிட்டே குனிந்தான்.

"டேய், உன்னைத்தான்."

"மைக். அந்த ரூம் மைக்."

இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்த்தோம். உள்ளே யாரும் இல்லை. ஸ்டூல் மட்டும்.

பச்சை ஏறியது. 'ஆ…' எழுந்தது. பச்சை இறங்கியது. 'ஆ…' தேய்ந்தது.

"ரூட்டிங்ல ஏதோ கோளாறும்மா. மாடி ஏசி காத்து பட்டிருக்கும்." சொல்லிக்கொண்டே மைக்கை மூடினான். பச்சை நிற்கவில்லை. மைக்கிலிருந்து சாம்ப்ளருக்கு மிச்சமிருந்த பழைய வழியையே வெட்டி எடுத்தான். திரையில் அந்த இடம் காலியானது.

பச்சை நிற்கவில்லை.

எழுந்து அந்த அறைக் கதவைத் திறந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். நானும் எட்டிப் பார்த்தேன். மைக் கம்பி மட்டும் நின்றது. தலையில் மைக் இல்லை. ஒயர் சுருட்டி ஆணியில் தொங்கியது.

"நான்தான் கழட்டி வெச்சேன்" என்றான். "சித்தி போன மறுநாள். மறந்தே போச்சு."

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

மெட்டு மூன்றாவது சுற்றுக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது.

திரும்பவில்லை…

வேறு வழியில் போனது. எனக்குத் தெரிந்த வழியில்.

"அம்மா, இது நான் போட்ட ட்யூன் இல்ல."

"எனக்குத் தெரியும்டா."

மழைப் பாட்டு. முதல் வரியிலிருந்து. இவன் இடம் அடைக்கிறது என்று அழித்த பாட்டு.

அவன் நிறுத்தும் பட்டனை அமுக்கினான். திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு நின்றது.

பாட்டு நிற்கவில்லை.

கண்ணாடியின் உட்பக்கத்தில் சின்னதாக ஆவி படிந்தது. உள்ளங்கை அளவு வட்டம். மறைந்தது. மறுபடி படிந்தது. ஸ்டூலில் குள்ளமான ஒருத்தி உட்கார்ந்தால் வாய் எங்கே இருக்குமோ… அந்த உயரத்தில்.

இரண்டாவது வரி.

மூன்றாவது வரி.

கடைசி வரியின் பாதி… வெறும் 'ஆ…'தான், ஆனால் 'கதவைத் திற…' வருகிற இடம்.

அங்கே நின்றது. எப்போதும் நிற்கிற இடம்.

பச்சைக் கோடு கீழே படுத்துவிட்டது.

"முடிஞ்சுதாம்மா?"

"ஷ்…"

எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷம் ஒரே பாயில் படுத்தவள் நான். உச்சிக்குப் போகுமுன் கடுகு எப்படி மூச்செடுப்பாள் என்று எனக்குத் தெரியும். பூனை பால் நக்குகிற மாதிரி முதலில் ஒரு குட்டி மூச்சு. அப்புறம் பெரிய மூச்சு.

பச்சை துளியாக ஏறியது.

இறங்கியது.

அப்புறம்… நிதானமாக… உச்சிவரைக்கும் ஏறியது.

வந்தது.

கம்பி மாதிரி.

அறுபது வயதுக் குரல் இல்லை. இருமின குரல் இல்லை. வாசலில் என் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்ற சின்னப் பெண்ணின் குரல். அந்தக் குரலை யாரும் எங்கேயும் பதிந்ததே கிடையாது.

அப்புறம் எல்லாம் அடங்கியது. கீழே டயர் கடையில் இரும்பு விழுந்த சத்தம் கேட்டது. பஞ்சு வைத்த அந்த அறைக்குள் அதுவரை வெளியிலிருந்து எந்தச் சத்தமும் வந்ததில்லை.

மகன் சாம்ப்ளரைத் திறந்து அந்தக் கட்டையைப் பார்த்தான். விட்டுவிட்டுத் திரும்பவும் பார்த்தான்.

"காலிம்மா. ஒண்ணுமே இல்ல இதுல."

"அழிச்சிடுடா. அவளை விட்டுடு."

சுட்டியைத் தள்ளிவைத்தான். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"ட்யூனைக் காலையிலேயே கம்பெனிக்கு அனுப்பிட்டேன்மா. மத்ததை நாளைக்குப் பாத்துக்கலாம்."

நாளைக்கு! அந்த வார்த்தையைக் கேட்டதும் பயமெல்லாம் போய் எனக்கு வயிறு எரிந்தது. பேயைக் கண்ணெதிரே பார்த்தும் திருந்தாத பிறவியை என்ன செய்வது? குடையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

இத்தோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

மனசு கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து, அந்த இன்சூரன்ஸ் கம்பெனி நம்பரைப் பேத்தியிடம் தேடித் தரச் சொல்லிப் போன் போட்டேன். 'எங்கள் ஊழியர்கள் அனைவரும் வேலையாக இருக்கிறார்கள், தயவுசெய்து காத்திருக்கவும்' என்றது. அப்புறம் கடுகு வந்தாள். வெறும் 'ஆ…'தான். மகன் போட்ட மெட்டு, மகன் போட்ட அலை. ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி. உயிரில்லாமல்.

ஒரு பெண் எடுத்தாள். "வணக்கம், சொல்லுங்க மேடம்."

"ஒண்ணுமில்லம்மா. பாட்டுக் கேக்கத்தான் போட்டேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "நீங்களுமா பாட்டி? தினமும் யாராவது கேக்கறாங்க, யார் பாடினதுன்னு. பழைய பாட்டா அது?"

"பாட்டு எங்கே? வார்த்தையே கிடையாதே அதுல. வெறும் ஆ…தானே?"

"இல்லையே, வார்த்தை இருக்கே. சில பேருக்குத்தான் கேக்குமாம். ரொம்ப நேரம் லைன்ல இருக்கணும். நானே ஒரு நாள் கேட்டேன். ஏதோ காலெல்லாம் ஈரம்னு வரும்."

எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாத வரி. என் மகனுக்குக்கூட.

"முழுசா சொல்லும்மா."

யோசித்தாள். பாடிக்காட்ட வெட்கப்பட்டு, சொல்லிக்காட்டினாள்.

"கதவைத் திற அக்கா, காலெல்லாம் ஈரம்."

"என்ன சொன்னே? அம்மாவா, அக்காவா?"

"அக்காதான் பாட்டி. நல்லாக் கேட்டேன். எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க… அந்த அக்கா யாருன்னு."

அம்மா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. திறக்கிறவள் யார் மிச்சம்?

"என்னைத் திரும்பவும் லைன்ல போடுறியாம்மா?" என்று கேட்டேன்.

போட்டாள்.

போனைக் காதில் வைத்துக்கொண்டு, அதே வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அதே 'ஆ…'. ஏறி, இறங்கி. ஏறி, இறங்கி. போன் சூடானது. காது சுட்டது.

'ஆ…' நின்றது.

காதுக்குள், மிகப் பக்கத்தில்… ஒரு குட்டி மூச்சு.

நான் பெரிய மூச்சுக்குக் காத்திருக்கவில்லை. அவள் கூப்பிடும்வரைக்கும் விடவில்லை. போனைப் போட்டுவிட்டு, முட்டி வலியோடு ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தேன். வெளியே சுள்ளென்று வெயில். ஆள் இல்லை. இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். கழுத்தில் மட்டும் ஒரு குளிர்ச்சி உரசிக்கொண்டு போனது. அவ்வளவுதான்.

ஒரு வாரம் போல அந்தக் கதவைச் சாத்தவில்லை. மகன் வந்தான். "என்னம்மா இது, திருடன் வரப்போறான்" என்று கத்தினான். எடுப்பதை எல்லாம் நீயே எடுத்தாகிவிட்டதே என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அப்புறம் மறுபடியும் அந்த நம்பருக்குப் போட்டேன். அதிர்ஷ்டம், அதே பெண்தான் எடுத்தாள். என் குரலை ஞாபகம் வைத்திருந்தாள்.

"பாட்டி, வேடிக்கையைக் கேளுங்க. அன்னிக்கு நீங்க பேசின மத்தியானத்துக்கு அப்புறம் ஒருத்தருமே அந்த வார்த்தையைக் கேக்கலை. நானும் எவ்வளவோ நேரம் வெச்சுப் பாத்துட்டேன். வெறும் ஆ…தான் வருது. மாத்திட்டாங்களா என்ன?"

"தெரியலையேம்மா" என்றேன்.

போனை வைத்தேன். வீடு அமைதியாக இருந்தது. எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

உள்ளே வந்தவள் இனி உள்ளேயே இருக்கட்டும்.